வெள்ளிக்கிழமையும் வெள்ளிக்காசும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாமக்கல்லிலிருந்து சேலத்திற்குப் புறப்பட்டேன். எங்கள் ஆலயத்துத் திருக்கிண்ணத்தின் உட்புறத்தில் பொன்முலாம் தேய்ந்து, அடியிலுள்ள வெள்ளி தெரியலாயிற்று. அதற்கு மறுபடியும் முலாம் பூசுவதற்காகச் செவ்வாய்ப்பேட்டையிலுள்ள பத்தர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். துணைக்கு வந்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். பொறியியல் படித்து ஜப்பான் நாட்டில் வேலை பார்ப்பவர். ஒரு மாத விடுமுறையில் வீடு வந்திருந்தார்.

ஒரே பாறையாய் நிற்கும் நாமக்கல் மலைக்கோட்டை பின்னால் மறைந்தது. வலப்புறத்தில் கொல்லிமலைத் தொடர் நீலமாய் உடன் வந்தது. முட்டை ஏற்றிய வண்டிகளும், கூண்டு கட்டி முடித்து வண்ணம் உலராத புது லாரிகளும் எதிர்ப்பட்டன. நடத்துநர் மீதிச் சில்லறையாக ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். இளைஞர் அதை இரு கைகளாலும் வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். நடத்துநரே வியப்புடன் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஐந்து ரூபாய்க்கு இவ்வளவு மரியாதையா?" என்றேன்.

"அந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கிச்சுங்க சாமி. அங்கே பணத்தோட பேருலயே மரியாதை இருக்குதுங்க" என்றார்.

புதுச்சத்திரம் தாண்டி ஆண்டகளூர் கேட் வரும்வரையில் அந்தப் பெயரைப் பற்றியே பேசிக்கொண்டு சென்றோம். ஜப்பானியர் பணத்தை 'ஒக்கனே' என்கின்றனர். 'கனே' என்பதே சொல். முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதை விகுதி போன்றதொரு முன்னொட்டு. தேநீரை 'ஒச்சா' என்பதும், தண்ணீரை 'ஒமிசு' என்பதும் இவ்வாறே. அன்றாட வாழ்வைத் தாங்கும் பொருள்களின் பெயரை வெறுமனே சொல்லாமல், ஒரு வணக்கம் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். 'கனே' என்ற அச்சொல்லுக்கு உலோகம் என்றும் பொருள், பணம் என்றும் பொருள். அதை எழுதும் எழுத்தையே வேறு விதமாக வாசித்தால் 'கின்', அதாவது பொன்.

கடையில் அவர்கள் பணத்தைக் கையில் திணிப்பதில்லை. அதற்கென உள்ள சிறு தட்டில் வைக்கின்றனர். திருமணத்திற்குக் கொடுப்பது புத்தம்புது நோட்டாக, அழகிய உறையில், கொடுப்பவர் பெயருடன் இருக்க வேண்டும். துக்க வீட்டிற்கோ புது நோட்டு ஆகாது. சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்ததுபோல் தோன்றும் என்று பழைய நோட்டையே வைக்கின்றனர். ஐந்து யென் நாணயத்தை அவர்கள் 'கோ என்' என்பர். உறவு, பிணைப்பு என்று பொருள்படும் மரியாதைச் சொல்லும் அதே ஒலியுடையது. ஆதலால் தங்கள் கோவில்களில் காணிக்கையிட அந்தச் சிறு நாணயத்தையே விரும்பி எடுக்கின்றனர். மொய்ப் பணத்தோடு ஒரு ரூபாய் சேர்த்து நூற்றொன்றாக வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த உள்ளம் புரியாததன்று.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழும் தம் மொழியும் உறவுடையவை என்று பல்லாண்டுகள் வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், மனித உள்ளம் ஒரே வழியில் நடந்திருப்பதை இங்கே காணலாம். தமிழில் 'பொன்' என்பதும் தங்கத்தை மட்டும் குறித்ததன்று. உலோகம் அனைத்திற்கும் அது பெயர். ஆகவேதான் ஐம்பொன் என்கிறோம். வெள்ளியை வெண்பொன் என்றும், இரும்பைக் கரும்பொன் என்றும் நம் முன்னோர் வழங்கினர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இன்றும் அந்நாட்டுப் பணத்தைப் 'பத்து வெள்ளி', 'இருபது வெள்ளி' என்றே எண்ணுகின்றனர். 1930-இல் உருவான நம் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் புருனியே ஆண்டகையின் தாய்மொழியாகிய பிரெஞ்சிலும் வெள்ளிக்கும் பணத்திற்கும் ஒரே சொல்தான்.

இன்னொன்றும் அந்த இளைஞர் சொன்னார். ஜப்பானியருக்கு வெள்ளிக்கிழமை என்பது பொன்னின் நாள். அந்த 'கனே' எழுத்தாலேயே அதனை எழுதுகின்றனர். நமக்கும் விண்மீன் வெள்ளி, உலோகம் வெள்ளி, கிழமை வெள்ளி. அதைக் கேட்டதும் என் உள்ளம் வேறு திசையில் சென்றது. நம் ஆண்டவர் உயிர்விட்ட நாளைப் பெரிய வெள்ளி என்கிறோம். அதற்கு முன்னர் அவரை விலைபேசியதும் முப்பது வெள்ளிக்காசுகளுக்கே. நாளின் பெயரும் காசின் பெயரும் ஒன்றாய் அமைந்தது தற்செயலே. ஆயினும் தவக்காலத்தில் நினைக்கத்தக்கது.

செவ்வாய்ப்பேட்டையில் பத்தர் கிண்ணத்தைத் தராசில் வைத்து நிறுத்து, எடையைத் தாளில் குறித்துக்கொண்டு, பிற்பகலில் வருமாறு கூறினார். இடையில் கிடைத்த பொழுதில் கஞ்சமலைப் பக்கம் சென்று வரலாமென்று நகரப் பேருந்தில் ஏறினோம்.

சேலத்திற்குத் தென்மேற்கே கிடக்கும் கஞ்சமலை இரும்புத்தாது நிறைந்த மலை. பழங்காலத்தில் சிறு உலைகளில் இத்தாதுவை உருக்கினர். 19-ஆம் நூற்றாண்டில் ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்து இரும்பை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை நிறுவி, இறுதியில் நட்டமே கண்டார். இன்று மலையடிவாரத்தில் நிற்பது சேலம் உருக்காலை. 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. மலையின் தாதுவை இவ்வாலை உருக்குவதில்லை. துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்குவதே இதன் தொழில். பின்னாளில் இங்கே நாணய வில்லைகள் வெட்டும் பிரிவும் அமைந்தது. வில்லை என்பது இன்னும் நாணயமாகாத வட்டத் தகடு. ஒருபுறம் சிங்க முத்திரையும் மறுபுறம் மதிப்பும் அரசின் அக்கசாலையில் பொறிக்கப்பட்ட பின்னரே அது ரூபாய் ஆகும். வடமொழியில் ரூபம் என்பதிலிருந்து பிறந்ததே ரூபாய் என்னும் சொல். உருவம் பொறிக்கப்பட்டது என்பது அதன் அடிப்பொருள்.

உருவம் என்றதும் நற்செய்தியில் வரும் காசு யாருக்குத்தான் நினைவிற்கு வராது? வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் ஒரு தெனாரியத்தை வாங்கி, அதிலுள்ள உருவம் யாருடையதென்று வினவினார். அப்போது ஆட்சியிலிருந்தவன் திபேரியு சீசர், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். அவனுடைய வெள்ளிக்காசுகளும், அவனுக்கு முன்னவனாகிய அகுஸ்து சீசரின் காசுகளும் நம் கொங்கு மண்ணில் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் தோண்டியெடுத்தனர். நம் மாவட்டத்திற்கு அக்கரையில், காவிரிக்குத் தெற்கேயுள்ள கரூரிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கற்களுக்கும் மலையாளக் கரையின் மிளகிற்கும் விலையாக அவை கடல் கடந்து வந்தன. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செசுதர்சு நாணயங்களை உறிஞ்சிவிடுகிறதென்று பிளினி என்னும் உரோம ஆசிரியர் அக்காலத்திலேயே வருந்தி எழுதினார். ஆண்டவர் கையில் ஏந்திக் காட்டிய காசு எதுவோ, அதன் உடன்பிறப்புகள் நம் உழவர் கொழுமுனையில் தட்டுப்பட்டிருக்கின்றன!

அக்காசுகளில் ஒரு வியப்பும் உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில், அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு காணப்படுகிறது. காசாக வழங்காமல் வெறும் பொன்னாகக் கொள்வதற்கே இவ்வாறு வெட்டினர் என்று அறிஞர் கருதுவர். முகத்தை அழித்துவிட்டால் எஞ்சுவது எடை ஒன்றே.

இதனை இளைஞரிடம் சொல்லிக்கொண்டே செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்பினோம். சேலத்து வெள்ளிக் கொலுசு நாடறிந்தது. அந்தச் சந்துகளில் வெள்ளிக் கம்பி இழுப்பவர், வளையம் கோப்பவர், பொடி வைத்து ஊதுபவர், மெருகு போடுபவர் என்று எத்தனையோ கைகள் உழைக்கின்றன. ஒரு திண்ணையில் குழந்தைக் கொலுசுகள் குவிந்திருந்தன. அவற்றைக் கண்டதும் பேச்சு என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பங்கில் மணிக்கூண்டு கட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் பீடத்திலிருந்து வாசிப்பேன். ஒரு சனிக்கிழமையன்று உபதேசியார் சிறு துணிமுடிச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். அதனுள் ஒரு ஜோடிக் குழந்தைக் கொலுசு. கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டி கொடுத்தது. காய்ச்சலில் இறந்த பேத்தியின் கொலுசு அது. நாளைத் திருப்பலியில் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். நான் சரியென்றேன். அன்று மாலையே வேறு சில பழைய வெள்ளிப் பொருள்களோடு அதையும் கடைக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் பட்டியல் நீண்டது; நேரமும் ஆயிற்று. "வெள்ளிக் கொலுசு, 38 கிராம்" என்று வாசித்துத் தொகையையும் சொல்லி அடுத்த வரிக்குச் சென்றேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் அந்த மூதாட்டி நின்றிருந்தாள். கோபம் சிறிதும் இல்லை.

"எடையச் சொன்னீங்க சாமி. பேரச் சொல்லலீங்களே" என்றாள்.

வீட்டில் அரிசி இல்லாத நாள்களிலும் அடகுக்கடைப் படி ஏறாத கொலுசு அது என்பதைப் பின்னர் அண்டை வீட்டார் சொல்லி அறிந்தேன். மறுநாள் காலை கடைக்கு ஓடினேன், உருக்கிவிட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். மூதாட்டி கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். காசின் மேலுள்ள முகத்தை உளியால் வெட்டியவர்கள் யாரோ பழங்காலத்து வணிகர் என்று எண்ணியிருந்தேன். நானும் அவர்களுள் ஒருவன்தான்.

அன்பர்களே, பணம் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. ஜப்பானியர் சொல்வதுபோல் அது 'கனே', உலோகம். இன்று தாளாகவும் கைபேசியில் ஓடும் எண்ணாகவும்கூட மாறிவிட்டது. ஆயினும் நம் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு மனிதரின் உழைப்பைக் கடந்து வருகிறது. கோழிப்பண்ணையில் விடியுமுன் முட்டை பொறுக்கியவர், லாரியில் இரவெல்லாம் கண்விழித்தவர், கிழங்கு ஆலையில் மாவு காயவைத்தவர் ஆகியோரின் முகம் அதில் பதிந்திருக்கிறது. அரசன் உருவம் பொறித்த காசை அரசனுக்குக் கொடுக்கலாம். கடவுளின் சாயலைத் தாங்கிய மனிதரை யாருக்கும் விலையாகக் கொடுக்க இயலாது. கந்துவட்டிக்குக் கொடுப்பவர் காண்பது எடையை. சீர்வரிசையில் பவுன் எண்ணிப் பெண்ணை மதிப்பவர் காண்பதும் எடையையே. காணிக்கைப் பட்டியலை விரைந்து வாசிக்கும் குருவும் அவ்வாறே தவறலாம்.

அந்த முன்னொட்டு நமக்கும் வேண்டும். தமிழில் அப்படியோர் எழுத்து இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையாலும் மனத்தாலும் அதனைச் சேர்க்கலாம். கூலி கொடுக்கும்போது பெயர் சொல்லிக் கொடுங்கள். கடன்பட்டவரிடம் கேட்கும்போது அவர் வீட்டுப் பிள்ளைகளின் நலத்தை முதலில் கேளுங்கள். உண்டியலில் காசு இடும்போது ஒரு பெயரை நினைத்து இடுங்கள்.

பிற்பகலில் கிண்ணம் தயாராயிருந்தது. உட்புறம் புதுப்பொன்னாய் ஒளிர்ந்தது. பத்தர் மறுபடி நிறுத்துப் பார்த்து எடையை எழுதிவிட்டு, "ரசீது யார் பேருக்குங்க சாமி?" என்றார். ஆலயத்தின் பெயரைச் சொன்னேன். மறுநாள் காலைத் திருப்பலியில் அதே கிண்ணத்தை உயர்த்தியபோது அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டேன்.