ஆரஞ்சுச் சட்டையில் வரலாமா?

"தோழர், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்கு வரலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது.

2018இல் உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில் காவி உடையில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நீலம் பூசப்பட்டது. அந்தக் கோபம் நமக்கு இன்னும் ஆறவில்லை. அதற்காக நிறத்தையே எழுதிக் கொடுத்துவிடுவதா?

குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய கந்தலைத் தைத்து, மரப்பட்டையும் வேரும் காய்ச்சிய சாயத்தில் தோய்த்து உடுத்தினார்கள் பிக்குகள். அதுதான் துவராடை. சாக்கிய இளவரசர்கள் தங்கள் திமிர் அடங்க, நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு தரச் சொல்லி, பிறகு அவரை வணங்கினார்கள் என்கிறது வினயபிடகம். (1956இல் நாக்பூரில் அண்ணல் வெள்ளைதான் உடுத்தினார். ஆக, எந்த நிறமும் கட்டாயமில்லை.)

அடுத்த வாரம் அந்த மாணவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். நாங்கள்தான் போய்ப் பேசினோம்.