எடையைப் பார்க்காதீர்கள், மூட்டையை எண்ணுங்கள்

“காட்டுவேலை செய்யிற உடம்புக்குக் கொழுப்பு ஏது?” தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டிலும் வருசநாட்டுப் பக்கமும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். இலவந்தோப்பிலும் தக்காளித் தோட்டத்திலும் பொழுதெல்லாம் பாடுபடுகிறவர்கள் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் மாரடைப்பு ஆளின் பருமனைப் பார்த்து வருவதில்லை. தெற்காசியர்களுக்கு அது பிற நாட்டவரைவிட ஏறக்குறைய 5 ஆண்டு முன்னதாகவே வருகிறது.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. புரதம் போர்த்திய நுண்துகள்களே அதைச் சுமந்து திரிகின்றன. அவை ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுவதுதான் அடைப்பின் தொடக்கம். ஒரே எடை இலவம்பஞ்சைச் சிறுசிறு மூட்டைகளாகக் கட்டினால் எண்ணிக்கை கூடும். தராசு அதைச் சொல்லாது. நம்மவர்கள் பலருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட துகள்கள் இப்படித்தான் சிறுத்துப் பெருகியிருக்கின்றன. ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிறது.

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கெட்ட துகளின் அப்போ-பிக்கும் எச்.டி.எல். என்ற நல்ல துகளின் அப்போ-ஏ1 புரதத்துக்கும் உள்ள விகிதமும் புகைப்பழக்கமும் மாரடைப்பை முன்னுரைப்பதில் முன்னே நின்றன.

அப்போ-பி பார்க்க வசதியில்லையா? ஒரு கழித்தல் கணக்குப் போதும். மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள்; மிச்சம் கெட்ட துகள்களின் சுமை. மொத்தம் 190 என்றால் ‘நார்மல்’ என்று சீட்டை மடித்துவிடுவோம். எச்.டி.எல். 32 என்றால் மிச்சம் 158. பொதுவாக இது 130-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இன்னும் குறைவாக. 190 மறைத்ததை 158 காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு கெட்ட துகள், பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ. நார்வேயின் காரே பெர்க் 1963-இல் கண்டறிந்தது. பத்தியத்துக்கும் உழைப்புக்கும் இது பெரிதாக அசையாது. அதனால்தான் ஒல்லியானவரும் விழுகிறார். வாழ்நாளில் ஒருமுறையாவது இதைப் பார்த்துவிட வேண்டும் என்று இந்திய இருதயவியல் சங்கம் 2024-இல் சொல்லியிருக்கிறது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மனம் தளர வேண்டாம். எல்.டி.எல்.லையும் ரத்த அழுத்தத்தையும் இறுக்கிப் பிடித்து, பீடியை விட்டால் ஆபத்து நன்றாகவே குறையும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் பிரஷரையும் சர்க்கரையையும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். அவர்களிடமே கொழுப்புப் பரிசோதனை எங்கே எடுப்பது என்றும் கேளுங்கள். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தந்த மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்பாவுக்கு 55-க்கு முன்னோ, அம்மாவுக்கு 65-க்கு முன்னோ மாரடைப்பு வந்திருந்தால், அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். “பயந்துவிடுவார்கள்” என்று மூடிவைப்பது பாசமாகாது. அடைப்பு வளர இருபது முப்பது வருஷம் எடுத்துக்கொள்கிறது. அத்தனை வருஷமும் நமக்குக் கிடைத்த அவகாசம். இருபது வயதிலேயே ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். நம் குடும்பத்தின் நோய்க் கதையைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.