@-க்கு அப்புறம் யாரு பேரு?

உங்க ரெஸ்யூமேவுல என்ன மெயில் ஐடி போட்டிருக்கீங்க? ஒரு தடவை பாத்துட்டு வந்து மேல படிங்க.

என் கதையைச் சொல்றேன். எட்டாவது படிக்கும்போது நான் ஆரம்பிச்ச ஜிமெயில் ஐடியில, பேருக்கு முன்னாடி 'ஏஞ்சல்'னு இருக்கும், பின்னாடி மூணு சைபர். அதை பிளேஸ்மென்ட் செல்லுக்குக் குடுக்க வெக்கமா இருந்துச்சு. சரின்னு காலேஜ் குடுத்த ஐடியையே கிட்ஹப், லிங்க்ட்இன், என்பிடெல்னு எல்லா இடத்துலயும் போட்டு வெச்சேன். பாக்கவும் கெத்தா இருந்துச்சு.

போன டிசம்பர்ல பெரியம்மா பொண்ணு போன் பண்ணா. "ஏய், கிட்ஹப் உள்ள போக முடியலடி. கோடு காலேஜ் மெயிலுக்குப் போகுது. அந்த மெயிலையே மூடிட்டாங்க." அவ படிச்சது வேற காலேஜ். பாஸ் அவுட் ஆகி ஆறு மாசம்தான் ஆச்சு. நாலு வருஷ ப்ராஜெக்ட் மொத்தமும் அதுக்குள்ள இருக்கு.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. @-க்கு முன்னாடி இருக்கறது மட்டும்தான் நம்ம பேரு. பின்னாடி இருக்கறது வீட்டு ஓனர் பேரு. காலி பண்ணச் சொன்னா பண்ணித்தான் ஆகணும்.

சொந்தமா ஒரு டொமைன் வாங்கிடலாம்னு முடிவு பண்ணேன். என்ன பேரு வைக்கறது? நம்ம ஊர்ல சர்நேம் கிடையாது. ஃபார்ம்ல 'லாஸ்ட் நேம்' கேட்டா அப்பா பேரைத்தானே போடறோம்? அப்பாவுக்குக் குலசாமி பேரு. தேடிப் பாத்தா டாட் காம் போயிருந்துச்சு, டாட் இன் காலியா இருந்துச்சு. என் பேரு, @, அப்பா பேரு. இனிஷியல் முன்னாடி வராம பின்னாடி வருது, அவ்வளவுதான்.

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கல்யாணம் ஆனா இனிஷியல் மாறிடுமே பாப்பா, எதுக்கு வீண் செலவு?"ன்னார். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. பேசாம வாங்கிட்டேன்.

டொமைன் வாங்கறது ஈஸி. வாங்கறதுனு சொன்னாலும் அது வாடகைதான், வருஷா வருஷம் கட்டணும். முதல் வருஷ விலையைப் பாத்து ஏமாறாதீங்க, ரின்யூவல் விலை எவ்வளவுன்னு பாருங்க. டொமைன் வெறும் விலாசம்தான். கடுதாசி வந்து விழ ஒரு பெட்டி வேணும். அதுக்கு ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ் மாதிரி ஒரு சர்வீஸ் எடுக்கணும். இல்லேன்னா, வர்ற மெயிலை உங்க பழைய ஜிமெயிலுக்கே தள்ளிவிடற ஃபார்வர்டிங் போதும்.

அடுத்து டிஎன்எஸ். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல 13 மார்க் பதில் எழுதி, எம்எக்ஸ் ரெக்கார்டுக்குக் கீழ அடிக்கோடு எல்லாம் போட்டவதான் நான். ஆனா நிஜமா ஒரு எம்எக்ஸ் ரெக்கார்டைப் போட்டது இப்பதான். 'இந்த டொமைனுக்கு மெயில் வந்தா இந்த சர்வர்கிட்ட குடு'ன்னு ஊருக்கே சொல்ற வரி அது. ரெண்டு மூணு வரி இருந்தா, சின்ன நம்பர் போட்ட சர்வரைத்தான் முதல்ல தேடிப் போவாங்க.

மெயில் வர ஆரம்பிச்சுது. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அங்கதான் மாட்டுனேன்.

ஒரு கம்பெனில இன்டர்ன்ஷிப் கிடைச்சு, சம்மதம்னு புது ஐடியிலேர்ந்து பதில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே போன் பண்ணி, "வர்றீங்களா, இல்லையா? வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"ன்னு கேட்டாங்க. என் மெயில் அவங்க ஸ்பாம்ல கிடந்திருக்கு. ரெஸ்யூமேவுல போன் நம்பர் இருந்ததால தப்பிச்சேன்.

காரணம் இதுதான். கவர்மேல அனுப்புநர் பேரை யாரு வேணா எழுதலாம்ல, மெயில்லயும் அப்படித்தான். அதைப் பிடிக்கத்தான் மூணு காவல். எஸ்பிஎஃப்: என் பேர்ல அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதின்னு ஒரு பட்டியல். டிகேஐஎம்: ஒவ்வொரு மெயில்லயும் சர்வர் போடற கையெழுத்து, அதைச் சரிபாக்கற பப்ளிக் கீ டிஎன்எஸ்ல இருக்கும். டிமார்க்: ரெண்டுலயும் தேறலேன்னா என்ன பண்ணணும்கற உத்தரவு.

நான் முதல்ல ஃபார்வர்டிங்குக்கு ஒரு எஸ்பிஎஃப் போட்டிருந்தேன். அப்புறம் மெயில்பாக்ஸ் எடுத்தப்ப இன்னொண்ணு சேர்த்துட்டேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா ரெண்டும் செல்லாது. டிகேஐஎம்மை ஆன் பண்ணவே இல்ல. ரெண்டு எஸ்பிஎஃபையும் ஒரே வரியா சேர்த்தேன், டிகேஐஎம் போட்டேன், டிமார்க்கை இப்போதைக்கு 'நன்'னு வெச்சேன். ஃப்ரெண்டோட ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, மூணு புள்ளி மெனுவுல 'ஷோ ஒரிஜினல்' பாக்கச் சொன்னேன். மூணுலயும் பாஸ். அரியர் கிளியர் ஆன மாதிரி ஒரு சந்தோஷம். நீங்க முக்கியமான மெயில் எதையும் அனுப்பறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். டொமைன் வாங்குன அக்கவுண்ட்டுக்கு அதே டொமைன்ல இருக்கற ஐடியைக் குடுக்காதீங்க. டொமைன் போச்சுன்னா மீட்கற மெயிலும் சேர்ந்து போயிடும். ஆட்டோ ரின்யூவல் போட்டு வைங்க. காலாவதியாகி வேற யாராவது வாங்கிட்டா, உங்களுக்கு வர்ற மெயில் அவங்களுக்குப் போகும். பாஸ்வேர்டு ரீசெட் உட்பட.

இதெல்லாம் எல்லாருக்கும் தேவையான்னா, இல்ல. நல்ல பேர்ல ஒரு ஜிமெயில் போதும். டொமைன் பாத்து யாரும் வேலை குடுக்கறதில்ல. இதுல லாபம் வேற. 2011-ல நாடு முழுக்க எம்என்பி வந்தப்புறம், நம்பரை வெச்சுக்கிட்டே சிம் கம்பெனியை மாத்தறோம்ல? அதே மாதிரி நாளைக்கு மெயில் சர்வீஸ் பிடிக்கலேன்னா பழைய மெயிலை பேக்கப் எடுத்துட்டு ரெக்கார்டுகளை மாத்துனா போதும். ஐடி மாறாது.

டொமைன் வாங்குறீங்களோ இல்லையோ, காலேஜ் ஐடியில இருக்கற அக்கவுண்ட் எல்லாத்தையும் மே மாசத்துக்கு முன்னாடி சொந்த ஐடிக்கு மாத்திடுங்க. அக்கா இன்னும் அலைஞ்சிட்டுதான் இருக்கா.

போன வாரம் அப்பாவுக்கும் ஒரு ஐடி போட்டுக் குடுத்தேன். போன்ல அதைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தார். அப்பதான் அவருக்குப் பதில் சொன்னேன். "இந்த இனிஷியல் மாறாதுப்பா. வருஷா வருஷம் நான் காசு கட்டுனா போதும்."