ஏழு பைட்டும் ஒன்பது பைட்டும்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு முன்னெச்சரிக்கை எட்டவில்லை. பொழியூரிலிருந்து தூத்தூர் வரை எல்லைக்கு இருபுறமும் உள்ள கடலோர ஊர்கள் அதை மறக்கவில்லை. அதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலியை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கையில் ரேடியோ செட் இருந்தால் மட்டும் போதாது, அலைவரிசைகள் அதில் ஏறியிருக்க வேண்டும். பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட்டில் 128 சேனல்கள். அத்தனையையும் பட்டனைத் தட்டியே ஏற்றுவது பெரும்பாடு. அதனால்தான் அமெரிக்க ஹாம் டான் ஸ்மித் தொடங்கிய சிர்ப் என்னும் இலவச மென்பொருளை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். பைத்தானில் எழுதப்பட்ட சிர்ப், கேபிள் வழியே செட்டோடு பேசுவதற்கு பைசீரியல் என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது.

சிக்கல் அங்கேதான். 2015 இறுதியில் வந்த பைசீரியல் 3.0 பழைய கட்டளைகள் பலவற்றின் பெயரை மாற்றியது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு, பழைய சிர்ப் நம்பியிருந்த பைத்தான் 2-க்கு ஆதரவும் நின்றது. பைத்தான் 2-இல் எழுத்தும் பைட்டும் ஒன்றே. 3-இல் இரண்டும் வேறு.

இந்த வேறுபாடு என்ன செய்யும்? யூவி-5ஆர் செட்டுகள் பலவற்றை எழுப்ப, 50 பிபி எஃப்எஃப் 20 12 07 25 என்று (பதினாறடிமான எண்களில்) ஏழு பைட்டுகளை அனுப்ப வேண்டும். செட் 06 என்று பதில் தரும். இதையே எழுத்தாக அனுப்பினால் பைசீரியல் ஏற்காது. அவசரத்தில் யூடிஎஃப்-8 முறையில் மாற்றிவிட்டாலோ பிபி, எஃப்எஃப் இரண்டும் இரண்டிரண்டு பைட்டாகிவிடும், ஏழு ஒன்பதாகும். செட் வாய் திறக்காது.

இருந்தாலும் லைப்ரரியைக் கடைசியில் சந்தேகிப்பதே நல்லது. முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் இரட்டை முள் பிளக். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பு செட்டின் உடம்பில் இடித்தால் பிளக் முழுதாக இறங்காது. விளிம்பைக் கொஞ்சம் சீவிவிட்டால் சரியாகும். அடுத்தது கேபிளுக்குள் இருக்கும் சிப். ப்ரோலிஃபிக் சிப் பழையதாகவோ போலியாகவோ இருந்தால், விண்டோஸின் புது டிரைவர் கோட் 10 என்று மறுக்கும். பழைய டிரைவர் போட வேண்டும். லினக்ஸில் பயனர் டயலவுட் குழுவில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி மென்பொருள் சிஎச்340 சிப் உள்ள கேபிளைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டதும் உண்டு. இவ்வளவும் சரியாக இருந்தால் பழைய சிர்ப்போடு மல்லுக்கட்டாமல், பைத்தான் 3-க்காகத் திருத்தி எழுதப்பட்ட புதிய சிர்ப்பைப் பைத்தானின் தனிச் சூழலில் நிறுவுவதே வழி.

இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. ஹாம் உரிமம் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்பே சிர்ப் வழியே செட்டை ஒருமுறை படித்து, கிடைக்கும் கோப்பைச் சேமித்து, சிர்ப்பின் எந்தப் பதிப்பில் வேலை செய்தது என்பதையும் குறித்து வையுங்கள். உரிமம் இல்லாதவர்கள் முதலில் தேர்வெழுதி அதை வாங்குங்கள்.