நீல இல்லத் தலைவி

கேகாலை மாவட்டம், யட்டியாந்தோட்டைப் பக்கம், இறப்பர் மலையை வெட்டிச் சமன் செய்த தோட்டப் பாடசாலை மைதானம். இல்ல விளையாட்டுப் போட்டி நாள். ஓடுபாதை 400 மீற்றர் வராது; வளைவில் வேகமாகத் திரும்பினால் கால் சரிவில் இறங்கிவிடும். ராத்திரி மழையில் கரைந்த சுண்ணாம்புக் கோடுகளைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் விடியலிலேயே மறுபடி போட்டிருக்கிறார்கள். மூங்கில் நட்டு, தென்னோலை வேய்ந்து, வர்ணக் கடதாசி ஒட்டிய மூன்று இல்லங்கள். பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த தாய்மார் மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரின் விரல்களில் பால் காய்ந்து தோலோடு தோலாக ஒட்டியிருக்கிறது. மகளின் ஓட்டம் வரும்வரை அதை உரித்தபடியே இருக்கிறார்.

நீல இல்லத் தலைவி தரம் 11. வெறுங்கால். காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் முதுகில் இலக்கம் குத்துகிறாள். தோற்று அழுகிறவனுக்குத் தோடம்பழச் சுளை கொடுக்கிறாள். வெயிலில் சோர்ந்த பச்சை இல்லப் பிள்ளையைத் தன் இல்லத்து நிழலிலேயே படுக்க வைக்கிறாள்.

கடைசி நிகழ்ச்சி அஞ்சலோட்டம். புள்ளியில் நீலமும் மஞ்சளும் சமம். கடைசிச் சுற்றுக்குக் கோல் வாங்கி அவள் பாய்கிறாள். நாடாவை மார்பில் ஏந்தியதும் நீல இல்லம் மைதானத்துக்குள் கொட்டிவிடுகிறது. அவள் மட்டும் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவரிடம் போகிறாள்.

"சேர், கோல் மாறினப்ப நாங்க எல்லைக் கோட்டத் தாண்டிட்டோம்."

நடுவர் அதைப் பார்க்கவில்லை. கொடியும் உயரவில்லை. அவள் சொன்னதால்தான் முதலிடம் மஞ்சளுக்குப் போகிறது. தன் அணிப் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தலைவி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அவள் திரும்பும்வரை பேசிக்கொண்டே இருக்கிறாள்.

மாலையில் பரிசளிப்பு. சிறந்த வீரர், சிறந்த வீராங்கனை, சிறந்த இல்லம், அணிநடை, இல்ல அலங்காரம் என்று கிண்ணங்கள் போகின்றன. அவள் செய்த காரியத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இடம் இருக்க வேண்டும். 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இத்தாலிய பனிச்சறுக்கு வண்டி வீரர் யூஜீனியோ மொன்டி, போட்டியாளரான பிரிட்டிஷ் அணியின் வண்டியில் ஆணி உடைந்தபோது தன் வண்டியின் ஆணியைக் கொடுத்தார். பிரிட்டன் தங்கம் வென்றது, அவருக்கு வெண்கலம். நவீன ஒலிம்பிக்கைத் தொடக்கிவைத்த குபேர்த்தான் பெயரால் வழங்கும் நேர்மை விருது முதலில் அவருக்கே போனது. இதே கேகாலை மாவட்டத்துப் பெண் சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து எடுத்தது வெளியானபின் வெண்கலம் வெள்ளியானது. ஏமாற்றி வென்ற ஓட்டம் அடுத்தவருக்குச் சேரவேண்டியதை எத்தனை வருடம் பிடித்து வைத்திருக்கும் என்பதை இந்த மாவட்டம் தன் வீட்டுப் பிள்ளை வழியாகவே கண்டிருக்கிறது.

லயத்துப் பிள்ளைகளிடம் ஸ்பைக்ஸ் சப்பாத்து இல்லை, நல்ல ஓடுபாதை இல்லை, பயிற்றுநர் இல்லை. இவ்வளவு இல்லாமையிலும் தலைமையும் நேர்மையும் அவர்களிடம் வளர்ந்து நிற்கின்றன. சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகள் பரிசுப் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டட்டும். கிண்ணம் சிறிதானாலும் போதும். பெயரைச் சொல்லி, செய்ததையும் சொல்லி, எல்லாப் பிள்ளைகளும் கேட்கக் கொடுக்கட்டும்.