ஐந்து மைல்

குன்னத்தூரில் கடல் ஏது? தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவர்களே நாங்கள். ஆயினும், 800 மீட்டர் மட்டுமே ஓடிவந்த நாங்கள் மூவரும் குறுவட்டப் போட்டியில் முதன்முறையாக 3000 மீட்டர் ஓடி, ஐந்தாம் சுற்றிலேயே அமர்ந்து அழுத அன்று, சிஸ்டர் சொன்னது ஒரு கடற்கதைதான்.

கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாஹா, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் நீந்தியபோது அவருக்கு வயது 11. ஆங்கிலக் கால்வாயோ எங்கே, அந்த 200 மீட்டர் எங்கே! 1959 ஆகஸ்ட் 27 அன்று கால்வாய்ப் போட்டிக்கு வந்தார். வழிகாட்டும் படகு வந்து சேரவே 40 நிமிடம் தாமதம். இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் அளவில் நெருங்கியபோது நீரோட்டம் எதிர்த்துத் திரும்பியது. மணிக்கணக்கில் போராடியும் கரையேற இயலவில்லை, வெளியேறினார்.

ஐந்து மைல் என்றால் 8 கிலோமீட்டர். மைதானத்தில் 20 சுற்று! நாங்கள் விட்டதோ இரண்டரைச் சுற்று.

33 நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, ஆரத்தி மீண்டும் அதே கடலில் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்திக் கரையேறினார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர்.

மறுநாள் காலை, ஜெப மணி அடிக்குமுன்னே நாங்கள் மூவரும் மைதானத்தில் நின்றோம். யாரும் யாரையும் அழைக்கவில்லை.