சிவப்புக் கட்டடத்து வரிசை

எங்கள் தோட்டத்தில் பெரிய கட்டடம் என்றால் ஆபீஸ்தான். பால் மரம் வெட்டுகிறவர்கள் அதற்குள் போனதில்லை. சம்பள நாளில் ஜன்னலுக்கு வெளியே நின்று, பெயர் கூப்பிட்டதும் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தி, காசை எண்ணிக்கொண்டு திரும்புவார்கள். உள்ளே துரைக்கும் கிராணிக்கும்தான் இடம். பக்கத்து டுரியான் துங்கால் கம்பத்தில் கடைகள் இருந்தன, பஸ் நின்றது. சர்க்கார் காரியம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறி, பத்து பெரண்டாம் தாண்டி, மலாக்கா பட்டணத்துக்குப் போயாக வேண்டும். அங்கே ஆற்றுப் பக்கம் சிவப்புக் கட்டடம். என் அப்பாவின் தலைமுறைக்கு ஊர் மன்றம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இதுதான்.

அதன் பெயர் ஸ்டாட்ஹைஸ் என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள், ஆளுநர் குடியிருக்கவும் அலுவல் பார்க்கவும் 1650 வாக்கில் கட்டியது. ஹாலந்தில் ஹோர்ன் என்ற ஊரின் நகர மன்றத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். ஹோர்னில் இருந்த அந்த மூலக் கட்டடம் 1796-இல் இல்லாமல் போய்விட்டது. கடல் தாண்டி வந்த பிரதிதான் இன்னும் நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கடல் தாண்டி வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். வீட்டில் மலாய் பேசிக்கொண்டே, 1781-இல் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் தங்கள் தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பிய பிள்ளையார் கோயிலை இன்றுவரை விடாமல் வைத்திருப்பவர்கள். கோயிலுக்கு நிலம் கொடுத்த ஆட்சி இந்தக் கட்டடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது அதன் சுவரைத்தான் முதலில் பார்த்தேன். ஜன்னல் திட்டில் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவு கனம். மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய ஜன்னல் கதவுகள் வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். வாசல் கதவை என்னால் தனியாகத் தள்ள முடியவில்லை. வெளியே தார் உருகும் வெயில்; உள்ளே கால் வைத்தால் மண்பானைக்குப் பக்கத்தில் நிற்பது போல ஒரு குளுமை. தகரக் கூரை போட்ட லயத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு கட்டடம் இப்படியும் இருக்கலாம் என்பதே செய்தியாக இருந்தது. ஆரம்பத்தில் அது வெள்ளையாகத்தான் இருந்தது. 1911-இல் ஆங்கிலேயர் காலத்தில் சிவப்பு பூசினார்கள். வெள்ளைச் சுவரில் உள்ளூர்க்காரர்கள் வெற்றிலைச் சாற்றைத் துப்பியதால்தான் நிறத்தை மாற்றினார்கள் என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வதுண்டு. உண்மையோ பொய்யோ, எங்கள் அப்பாயிக்கு அந்தக் கதை மிகவும் பிடித்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு தாளில் சாப்பு, அதாவது முத்திரை, குத்துவதற்காக அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோயில் திருவிழாவுக்கென்று பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர், குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண், அப்புறம் வேறு தோட்டத்து ஆள் இருவர். எங்கள் முறை வந்ததும் அப்பா பழக்கத்தில் மேசைக்கு முன் கைகட்டி நின்றார். அந்த மலாய்க் குமாஸ்தா தலையை நிமிர்த்தி, நாற்காலியைக் காட்டி, “டூடுக், அண்ணே” என்றார். அப்பா உட்கார்ந்தார். தோட்டத்து ஆபீஸில் அவரை யாரும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தாளைப் பற்றிப் பேசவில்லை, நாற்காலியைப் பற்றித்தான் பேசினார்.

அந்த அறைகளில் 1979 வரை அரசு அலுவல் நடந்தது. 1982-இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். ஆளுநர் மாளிகை, அலுவலகம், இடையில் 1826-இல் தொடங்கிய மலாக்கா இலவசப் பள்ளி என்று முந்நூறு ஆண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்த கட்டடம் அது. அந்தப் பள்ளி பின்னால் மலாக்கா உயர்நிலைப் பள்ளியாகி 1931-இல்தான் வேறிடம் போனது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்கா சேர்ந்தபின் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். பொம்மைகளும் விளக்குகளும் ஜோடித்த திரிஷா வண்டிகள் வாசலில் பாட்டு அலறவிட்டுக் காத்திருக்கின்றன. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கல்யாண உடைகள், பீங்கான், பழைய ஆயுதங்கள். எல்லாம் சுத்தமாக, பெயர்ச்சீட்டோடு.

இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1807-இல் ஆங்கிலேயர் இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள குன்றைச் சுற்றியிருந்த கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு வாசல்தான் மிஞ்சியது. சும்மா விட்டிருந்தால் சிவப்புக் கட்டடத்தின் கூரையும் எப்போதோ விழுந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, நாடகம் போட்ட பலகை மண்டபம் எதற்கும் ஒரு புகைப்படம்கூட இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. டுரியான் துங்கால் பக்கம் இப்போது பல்கலைக்கழகமும் வீடமைப்புத் திட்டங்களும். எந்த இடத்தில் சம்பள ஜன்னல் இருந்தது என்று என் தம்பியும் நானும் சண்டை போடத்தான் முடிகிறது.

ஆனால் கிள்ளானிலிருந்து எப்போதாவது மலாக்கா போகும்போது, நுழைவுச் சீட்டு வாங்கி அந்த அறைகளுக்குள் நடந்தால் எனக்கு இல்லாமல் தெரிவது அந்தப் பெஞ்சுதான். டச்சு ஆளுநர்களின் காலத்தைக் காட்டுகிறார்கள். தாளோடு வந்து காத்திருந்தவர்களை எங்கேயும் காட்டுவதில்லை. பினாங்கில் 1903-இல் கட்டிய நகர மண்டபத்தில் இன்றும் மாநகராட்சி வேலை நடக்கிறது. சென்னையில் 1913-இல் திறந்த ரிப்பன் கட்டடத்திலும் அப்படியே. பழைய கட்டடம் என்பதால் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று மக்கள் அங்கே அலுத்துக்கொள்ளவும் முடிகிறது. மலாக்காவிலும் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை போதும். ஒரு மேசை, ஒரு குமாஸ்தா, எதிரே ஒரு நாற்காலி. வீட்டு வரி கட்டலாம், கல்யாணம் பதியலாம். அருங்காட்சியகம் மாடியில் இருந்துவிட்டுப் போகட்டும். டுரியான் துங்காலிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அன்றைக்கு டிக்கெட் கேட்காமல் விட வேண்டும், அவ்வளவுதான்.